யாங்கூன் தமிழ்ப் பிள்ளைகளைக் கெடுத்தது சென்னைப் பாட்டா?

பர்மாவின் மோல்மேன் ஊர் வாசகர் ஒருவர், 2025 ஏப்ரல் 19

எங்கள் காலத்தில் சித்திரை முதல் நாள் என்றால் கோயில், மாங்காய்ப் பச்சடி, பெரியவர்கள் காலில் விழுந்து திருநீறு வாங்குவது. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருநாளான திஞ்சானில் குடித்துவிட்டு லாரியில் ஆடுகிற நாள். வீட்டுக்கு வீடு டிஷ் வந்தது, சென்னை சினிமாப் பாட்டு வந்தது, பிறகு போன் வந்தது. பிள்ளைகள் கைமீறிப் போய்விட்டார்கள். இல்லை என்று சொல்ல யாராவது இருந்தால் சொல்லட்டும்.

ஏப்ரல் 19, இரவு

இல்லை என்று யாங்கூன்காரி நான் சொல்கிறேன் அண்ணே.

சன் டிவி தொடங்கியதே 1993 ஏப்ரல் 14. அது யாங்கூனில் எங்கள் தெருவுக்கு வந்து சேர இன்னும் பல வருஷம் பிடித்தது. டிஷ் வாங்க வசதி இருந்த இரண்டொரு வீட்டில்தான் முதலில் வந்தது. என் மூத்த அண்ணன் எண்பதுகளிலேயே தண்ணீர்த் திருநாளுக்கு லாரி ஏறிவிட்டார். சாயந்தரம் கண் சிவந்து வருவார், அம்மா கதவைத் திறக்க மாட்டார். அவர் ஆடியது பர்மியப் பாட்டுக்கு. வெள்ளிக் கிண்ணம், திஞ்சான் சமயத்தில் பூக்கிற மஞ்சள் படௌக் பூ, போன வருஷம் தண்ணீர் ஊற்றிய பெண்ணை இந்த வருஷம் காணோமே என்கிற ஏக்கம். அந்தப் பாட்டுகளில் இருந்தது அவ்வளவுதான். அதைக் கேட்டு யாரும் கெட முடியாது. ஆனாலும் ஆடினார், குடித்தார்.

ஆகவே சென்னையை முதல் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள். ஒலிபெருக்கி யார் கையில் இருந்தது, வருஷத்தில் எத்தனை நாள் அதை முடுக்க விட்டார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 20

தூக்கம் வரவில்லை, அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ரேடியோ ஒன்று. பகலில் அரசு வானொலி. இரவில் அப்பா சிற்றலையில் பிபிசி பிடிப்பார், சத்தத்தைக் காதுக்கு மட்டும் கேட்கிற அளவுக்குக் குறைத்துக்கொண்டு. தொலைக்காட்சி நாட்டுக்கே 1980-ல்தான் வந்தது. ஒரே அலைவரிசை, அதுவும் மாலையில் சில மணி நேரம். இரண்டாவது அலைவரிசையான மியாவடி 1995-ல் வந்தது, அது ராணுவத்தினுடையது. பாட்டு கேசட் வெளியிட வேண்டுமானால் வரி வரியாகத் தணிக்கைக்குப் போக வேண்டும். பாடகர் லே பியூ ஒரு தொகுப்புக்கு வைத்த பெயரில் 54 என்ற எண் இருந்தது. அது ஆங் சான் சூ சி வீட்டுக் கதவிலக்கம் என்பதால் எண்ணை எடுக்கச் சொன்னார்கள். ஓர் எண்ணுக்கே அந்தப் பயம்.

1988-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். கல்யாணத்துக்கும் கோயில் ஊர்வலத்துக்கும் யாரிடம் போய் நிற்பது என்று பெரியவர்கள் அலைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகங்களை 1988-ல் மூடினார்கள். திறந்தார்கள், மறுபடியும் 1996 டிசம்பருக்குப் பிறகு மூடினார்கள். 2000 வரைக்கும் பெரும்பாலும் மூடியேதான் கிடந்தன. பள்ளிக் கடைசி வகுப்பான பத்தாவது முடித்த நாங்கள் எல்லாரும் வீட்டில். பையன்கள் டீக்கடைத் தாழ்ந்த முக்காலியில், பெண்கள் தையல் மிஷினில்.

இதற்கு நடுவில் நான்கு நாள். தெருவெல்லாம் மேடை, ஆள் உயரப் பெட்டியில் பாட்டு, யாரும் யாரையும் நனைக்கலாம், போலீஸ்காரனையும் நனைக்கலாம். வருஷம் முழுக்கத் தாழ்த்தி வைத்த ரேடியோவை அந்த நான்கு நாள் மட்டும் முழுச் சத்தத்தில் திருப்ப விட்டார்கள். ஒரு வருஷத்துச் சந்தோஷத்தை நான்கு நாளில் குடித்துத் தீர்க்க வேண்டும் என்று எங்கள் தலைமுறை கற்றுக்கொண்டது இப்படித்தான். அளவாகக் கொண்டாட யாருக்குத் தெரியும்? பழக வாய்ப்பே இல்லையே.

அந்த நான்கு நாளிலும் வாயைத் திறந்து கேலி பேச முடியாது. திஞ்சானில் குழுவாக நின்று அதிகாரிகளைக் கிண்டல் செய்து பாடும் தன்ஜாட் பழைய வழக்கம். 1988-க்குப் பிறகு அதைத் தடுத்துவிட்டார்கள். ஆடலாம், குடிக்கலாம், பேசக் கூடாது. இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள் அண்ணே, பிறகு பிள்ளைகளைத் திட்டலாம்.

ஏப்ரல் 20, மதியம்

யாங்கூன் தாக்கேத்தா தம்பி கேட்டிருக்கிறார்: அப்படியானால் தமிழ்ப் பாட்டு எப்படி வந்தது?

கப்பலில் வேலை பார்த்தவர்கள் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தார்கள். அதைவிடப் பெரிய வழி மோரே. மணிப்பூர் எல்லையில் நம் தமூவுக்கு எதிர்ப்புறம் இருக்கிற ஊர். 1964-க்குப் பிறகு கடையும் நிலமும் அரசுடைமையாகிப் போய்க் கப்பலேறின நம் ஆட்களில் சிலர், தமிழ்நாட்டில் ஒட்ட முடியாமல் தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்பி நடந்தார்கள். எல்லையில் மறித்ததும் அங்கேயே குடியமர்ந்துவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. 1995-ல் எல்லை வணிகம் முறைப்படி திறந்ததும் சேலை, மருந்து, சுண்ணாம்பு டப்பாவோடு கேசட்டும் வந்தது. ஒரு கேசட்டைத் தெருவே வாங்கிப் பதிவெடுக்கும். ஐந்தாவது பிரதி கைக்கு வரும்போது பாடகர் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவார். அதையும் மனப்பாடம் செய்தோம்.

திரும்பி வர முடியாதவர்கள் எல்லையில் நின்றுகொண்டு பாட்டை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 2023-ல் மணிப்பூர்க் கலவரத்தில் அந்த ஊரும் அடிபட்டது.

ஏப்ரல் 22

நேற்று ஒருவர் "அக்கா, நீங்கள் ஆடியிருக்கிறீர்களா" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆடவில்லை.

இந்த இழையில் இதுவரை லாரி ஏறியவர்களெல்லாம் பையன்கள்தான் என்பதைக் கவனித்தீர்களா? மோல்மேன் அண்ணன் "பிள்ளைகள்" என்று எழுதும்போதும் மனதில் இருப்பது ஆண் பிள்ளைகள். எங்களுக்குத் திஞ்சான் என்பது ஜன்னல். பர்மியத் தோழிகள் முகத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, கொண்டையில் படௌக் செருகி, தெரு மேடையில் வரிசையாக நின்று ஆடுவார்கள். பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். கை காட்டிக் கூப்பிடுவார்கள். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

பதினான்காம் தேதி காலையில் மட்டும் வெளியே போகலாம், அனவ்ரதா சாலைக் காளி கோயிலுக்கு. 1871-ல் நம் முன்னோர் கட்டினது. புதுப் பாவாடை, தலையில் மல்லிகை. கோயிலை விட்டு இறங்கி இரண்டு தெரு தாண்டுவதற்குள் யாராவது ஒரு வாளித் தண்ணீரை மேலே கவிழ்ப்பார்கள். திருநீறு கரைந்து கண்ணில் இறங்கும். அப்பா முறைப்பார், அம்மா முந்தானையால் துடைப்பார். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு ஆனந்தம். அந்த வருஷத்துத் திஞ்சான் எனக்குக் கிடைத்துவிட்டது.

தொலைக்காட்சிதான் எங்களுக்கு வாசலைத் திறந்தது. திஞ்சான் நாட்களில் அரசு அலைவரிசையில் நடனக் குழுக்களைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். எல்லாம் பெண்கள், ஒரே நிற உடை, முழங்கையைத் தாண்டி எதுவும் தெரியாது. அப்பாவும் உட்கார்ந்து பார்ப்பார், நல்ல ஆட்டம் என்பார். பெண்கள் பொதுவில் ஆடுவது கேவலமில்லை என்று எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்து சொன்னது ராணுவ அரசாங்கத்தின் தொலைக்காட்சி. எனக்குப் பிடிக்காத உண்மைதான், ஆனாலும் சொல்ல வேண்டும். அதன் பிறகு சென்னைப் படங்கள் வந்தன. அதில் பெண்கள் ஆடினால் அப்பா எழுந்து போய்விடுவார். ஆகவே என்னைப் போன்றவர்களிடம் "டிவி கெடுத்தது" என்று மொத்தமாகச் சொன்னால் நான் கேட்பேன்: எந்த டிவி, யாரை, எந்தப் பக்கம் திருப்பியது?

என் மகள் 2018-ல் முதல் தடவை தெரு மேடையில் ஆடினாள். நான் வாசலில் நாற்காலி போடவில்லை. அவள் பக்கத்தில் நின்று குழாய் பிடித்தேன்.

ஏப்ரல் 23

காப்பியடிக்கிற பாட்டு பற்றி யாரும் பேசவில்லை. அதில்லாமல் இந்தக் கதை நிற்காது.

வெளிநாட்டு மெட்டை அப்படியே எடுத்துப் பர்மியச் சொற்களைப் போட்டுப் பாடுவது இங்கே பெரிய தொழில். ஆங்கிலம், சீனம், இந்தி என்று எதுவும் தப்பாது. 1914-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம்தான் வெகுகாலம் இருந்தது, புதுச் சட்டம் 2019-ல்தான் இயற்றினார்கள், கேட்க ஆளில்லை. திருட்டு என்பார்கள். திருட்டுதான். இருந்தாலும் நம் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

இந்திய வம்சத்தாரை இழிவாகச் சொல்கிற "கலா" என்ற சொல்லால் எங்களைக் கூப்பிடுவார்கள். வாங்கி வாங்கித் தோல் தடித்துப்போன சொல். கறுப்பு, மூக்கு, அடையாள அட்டை வாங்கப் போகும் இடத்தில் தாத்தா எந்த ஊர் என்கிற கேள்வி, எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கும். திஞ்சான் லாரியில் பர்மிய ராக் குழுவான அயர்ன் கிராஸின் பாட்டு வரும்போது, முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை தப்பில்லாமல் பாடத் தெரிந்தவனை யாரும் கலா என்று கூப்பிடவில்லை என்று என் தம்பி சொல்வான். பாட்டுத் தெரிந்தால் ஆள் உள்ளே. அதற்காகவே வருஷம் முழுக்க உட்கார்ந்து மனப்பாடம் செய்தான். அந்த லாரியில் ஒரு நாள் நமக்குத் தெரிந்த தமிழ் மெட்டு பர்மிய வார்த்தையோடு வந்ததாம். இவனும் இன்னொரு தமிழ்ப் பையனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தமிழ் வரிகளையே கத்தியிருக்கிறார்கள். மற்றவர்கள் கைதட்டினார்கள். ஊரிலே எல்லார் முன்னாலும் வாய்விட்டுத் தமிழில் கத்தினது அன்றுதான் முதல் தடவை என்பான்.

இதைக் "கூத்தடிப்பது" என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. அவன் சேர இடம் தேடினான், பாட்டு இடம் கொடுத்தது.

ஏப்ரல் 23, பிறகு

ஹிப்ஹாப்பை விட்டுவிட்டேன் என்று என் தம்பி சுட்டிக்காட்டுகிறான். 2000-ல் ஆசிட் குழுவின் முதல் தொகுப்பு வந்தது, பர்மிய ஹிப்ஹாப்பில் முதல் முழுத் தொகுப்பு. அடுத்த வருஷம் யாங்கூனில் சிட்டி எஃப்எம் தொடங்கியது. தொப்பியைத் திருப்பிப் போட்டுப் பேன்ட்டை இறக்கிவிட்ட பையன்களைப் பார்த்துப் பெரியவர்கள் "இதுகள் கெட்டழிந்தது" என்றார்கள், மோல்மேன் அண்ணன் சொல்கிற அதே தொனியில். அந்தக் குழுவிலிருந்த ஸேயா தோ ராணுவ ஆட்சியை எதிர்த்து 2008-ல் சிறைக்குப் போனார், பிறகு நாடாளுமன்ற உறுப்பினரானார், 2022 ஜூலையில் ராணுவ அரசால் தூக்கிலிடப்பட்டார். தொப்பியைப் பார்த்து ஆளை எடைபோடாதீர்கள்.

ஏப்ரல் 24

பகோ அக்கா திஞ்சான் கொழுக்கட்டை பற்றி எழுதியதைப் படித்து வீட்டில் எல்லாரும் சிரித்தோம். வெல்லத்துக்குப் பதிலாகப் பச்சை மிளகாய் வைத்த உருண்டையை மாப்பிள்ளைக்குக் கொடுத்த கதை எங்கள் வீட்டிலும் உண்டு. எங்கள் மாப்பிள்ளை காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். மென்று விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டார். கொடுத்தவர்கள்தான் திகைத்தார்கள்.

ஏப்ரல் 26

முதல் நாள் நான் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மோல்மேன் அண்ணன் தனியாக எழுதிக் கேட்டார், "சென்னைப் பாட்டுக்கும் குடிக்கும் சம்பந்தமே இல்லையா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லம்மா" என்று. இரண்டு நாள் யோசித்தேன்.

சம்பந்தம் இருக்கிறது. குடியை அது கொண்டுவரவில்லை, குடிக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது. பழைய திஞ்சான் பாட்டில் காதலி வரவில்லை என்றால் அடுத்த வருஷம் வரை காத்திருப்பான். கையில் பூ இருக்கும். 2010-க்குப் பிறகு வந்த சென்னைப் படங்களில் காதலி போய்விட்டால் நாயகன் நேரே டாஸ்மாக் போவான், நண்பர்களோடு மேசைமேல் ஏறி ஆடுவான், பெண்களையெல்லாம் திட்டிப் பாடுவான். திரையின் மூலையில் மது கேடு என்று சின்ன எழுத்து ஓடும். தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை மதுக்கடை அரசாங்கத்துடையது. அங்கே அந்தப் பாட்டுக்கு ஒரு சூழல் உண்டு, கோபமும் கேலியும் கலந்து கேட்பார்கள். இங்கே எங்கள் பையன்களுக்கு அந்தச் சூழல் தெரியாது. பாட்டு மட்டும் தனியாக வந்தது. மைலாப்பூரும் டாஸ்மாக்கும் எங்கே இருக்கிறதென்றே தெரியாத பையன், பீர்க் கடையில் உட்கார்ந்து, தமிழன் என்றால் இப்படித்தான் துக்கப்பட வேண்டும் என்று நினைத்தான். பெண்ணைப் பழித்தும் பேசினான். அந்தப் பேச்சை எங்கள் தெருவில் அதற்கு முன் நான் கேட்டதில்லை.

இது எனக்கு வலிக்கிறது. மொழியை விட்டுவிடாதே, படம் பார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னதே நாங்கள்தான். தமிழ்ப் பள்ளிக்கூடங்களை அறுபதுகளிலேயே அரசு எடுத்துக்கொண்டது. எழுத்துக்குக் கோயில் வகுப்பு, பேச்சுக்குச் சினிமா. வேறென்ன வைத்திருந்தோம்?

ஏப்ரல் 27

அதே சமயத்தில் பர்மியப் பக்கமும் மாறியது. அதைச் சொல்லாமல் சென்னையை மட்டும் சொன்னால் நியாயமில்லை.

தெரு மேடையைத் தெருக்காரர்கள் காசு போட்டுக் கட்டினார்கள். பெரிய மேடைகளைக் கம்பெனிகள் கட்டின. காண்டோஜி ஏரி, இன்யா ஏரி ஓரங்களில் நுழைவுச் சீட்டு, கையில் பட்டை, தீயணைப்பு வண்டிக் குழாய் போலத் தண்ணீர், நுரை, இடிக்கும் மின்னிசை. பாட்டில் சொல்லே இல்லாமல் போய்விட்டது. மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை என்று என் தம்பி ஒதுங்கிக்கொண்டான். 2010 ஏப்ரல் 15 அன்று காண்டோஜி ஓரத்து மேடைப் பக்கம் குண்டு வெடித்துப் பலர் இறந்தார்கள், நூற்றுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். அன்று எங்கள் பிள்ளைகள் வீடு திரும்பும் வரை கோயில் வாசலிலேயே நின்றோம்.

2012 ஆகஸ்டில் பத்திரிகை முன்தணிக்கை போனது. தன்ஜாட் திரும்பியது. 2014-ல் சிம் கார்டு 1,500 கியாட்டுக்கு இறங்கியது. அதற்குச் சில வருஷம் முன்னால் அதன் விலை ஆயிரம் டாலருக்கு மேல். பத்து வருஷத்தில் வர வேண்டியதெல்லாம் ஒரே வருஷத்தில் பிள்ளைகள் கையில் வந்து விழுந்தது. அந்த வருஷங்களில் அவர்கள் ஆடியது கொஞ்சம் அதிகம்தான். நான் தடுக்கவில்லை. என் இருபது வயது எனக்குத் தெரியும், தையல் மிஷின் முன்னால் போனது. 2019-லேயே தன்ஜாட் பாடிய இளைஞர்களை மறுபடியும் சிறையில் போட்டார்கள், அப்போது ஆட்சியில் இருந்தது நாம் ஓட்டுப் போட்டவர்கள். அந்தச் சுதந்திரம் எவ்வளவு மெல்லியது என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மே 2

தாக்கேத்தா தம்பி, "இப்போது பிள்ளைகள் ஆடுவதே இல்லையே அக்கா, இந்த விவாதமே எதற்கு" என்கிறார்.

அதற்காகத்தான் விவாதம். 2020-ல் கொரோனா, மேடை இல்லை. 2021-ல் பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகு யாருக்கும் கொண்டாட மனமில்லை. திஞ்சான் அன்று பூச் செருகிய பானைகளை வாசலில் வைத்து எதிர்ப்புக் காட்டினார்கள். அடுத்த வருஷம் அரசு மேடை போட்டது, ஜனங்கள் போகவில்லை. யாரும் போகாதீர்கள் என்று ஒருவருக்கொருவர் சொன்னது எந்தப் பிள்ளைகள்? போன் கெடுத்தது என்று நீங்கள் சொன்ன அதே பிள்ளைகள், அதே போனில். முகநூலை முடக்கியும் சொன்னார்கள். குடித்து ஆடத்தான் பிறந்தவர்கள் என்று நினைத்தோமே, ஆடாமல் இருக்கவும் அவர்களுக்கே தெரிந்திருந்தது.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு, இருட்டினால் பையன்கள் வெளியே இல்லை. இந்த வருஷம் மார்ச் 28 நிலநடுக்கம். மாண்டலே, சகாய்ங் பக்கம் அவ்வளவு சாவு. திஞ்சான் பாட்டில்லாமல் போனது. ஐந்து மாதம் முன்னால்தான், போன டிசம்பரில், யுனெஸ்கோ இந்தத் திருநாளைத் தன் பட்டியலில் சேர்த்தது.

என் மகள் இந்த வருஷம் தண்ணீர் ஊற்றவில்லை. காளி கோயிலில் மாண்டலேக்கு அனுப்பத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். காதில் போன் செருகியிருந்தது, ஏதோ பாட்டு ஓடியது. என்ன பாட்டு என்று கேட்டேன். அவள் தாத்தா காலத்துத் திஞ்சான் பாட்டு.

மே 5

மோல்மேன் அண்ணன் நேற்று எழுதியது: "சரி, நீ சொல்வதில் பாதியை ஏற்கிறேன். இனி என்ன செய்வது?"

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பாட்டை நிறுத்தப் பார்க்காதீர்கள், நடக்காது. சித்திரை முதல் நாள் மத்தியானம் கோயில் வளாகத்திலேயே ஒலிபெருக்கியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பர்மியப் பாட்டு, தமிழ்ப் பாட்டு, உறுமி மேளம், எதுவானாலும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பெண் பிள்ளைகள் ஆட இடம் விடுங்கள், பெரியவர்கள் வாசலில் நாற்காலி போட்டு மறிக்காமல் உள்ளே வந்து உட்காருங்கள். பாட்டிலுக்கு மட்டும் இடமில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். பெண்ணைப் பழிக்கிற பாட்டு வந்தால் அங்கேயே நிறுத்தி ஏன் என்று பேசுங்கள். இப்போதைய நிலையில் பெரிய கூட்டம் கூட்ட முடியாது, தெரியும். இருபது பேர் போதும்.

தாட்டோன், பீலிக்கான் பக்கம் இதுபோல ஏற்கெனவே ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். எந்தக் கோயில், அனுமதி வாங்கினீர்களா, சத்தம் பற்றிப் பக்கத்து வீட்டார் என்ன சொன்னார்கள் என்பது வரைக்கும் எழுதுங்கள். எங்கள் கோயில் கூட்டம் ஆனி மாதம். அதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும்.